கொம்பும் அரவும் பிரிந்து நின்ற ரொபோட்ஸ் கோப்பு

கிளிநொச்சி மழைப் பக்கங்களை விட்டு கூகிள்பொட், அதாவது கூகிள் தேடலுக்காகத் தளங்களைப் படித்துத் திரியும் நிரல், ஒருவழியாக வெளியே போய்விட்டது.

என் வன்னிக் குளங்கள் தளத்தில் ஊருக்கு ஒரு மழை நாட்காட்டி இருக்கிறது. அதில் 'அடுத்த மாதம்' என்ற இணைப்புக்கு முடிவே இல்லை, பிளகினிலும் எல்லை போட வழியில்லை. பொட் 2090 வரைக்கும் போய், இன்னும் பெய்யாத மழையைத் தேடிக்கொண்டிருந்தது. ஹோஸ்டிங்காரரோ மாத டேட்டா முடிகிறது என்று மெயிலுக்கு மேல் மெயில். வேகத்தையாவது குறைக்கலாம் என்றால், 'இத்தனை விநாடிக்கு ஒருமுறை வா' என்று சொல்லும் கிரோல்-டிலேயை பிங் மதிக்கும், கூகிள் கண்டுகொள்ளாது.

சரி என்று, பொட்டுகள் எங்கே போகலாம், போகக்கூடாது என்று சொல்லும் ரொபோட்ஸ் கோப்பில் ஊர் ஊராக டிஸ்அலவ் (வராதே) வரி எழுதினேன். மாங்குளம் நின்றது, முறிகண்டி நின்றது, ஒட்டுசுட்டானும் நின்றது. கிளிநொச்சியும் கொக்குத்தொடுவாயும் மட்டும் நிற்கவில்லை. கூகிள் பழைய கோப்பை 24 மணிநேரம் வரை வைத்திருக்கும் என்பதால் பொறுத்துப் பார்த்தேன். அதன் பிறகும் அதே ஓட்டம்.

இரண்டு பெயருக்கும் பொதுவாக இருப்பது ஒகர உயிர்மெய். யூனிகோட்டில் 'நொ'வின் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பையும் (ெ) அரவையும் (ா) தனித்தனிக் குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் முதலாவது 3 பைட், மற்றது 6. ரொபோட்ஸ் விதி பார்ப்பது பைட்டை மட்டுந்தான். யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் கிடந்த பழைய குறிப்புகளை மாற்றித் தந்த கன்வேர்ட்டர் கோப்புறைப் பெயர்களில் கொம்பையும் அரவையும் பிரித்து வைத்திருந்தது; என் கீபோர்ட் சேர்த்து அடிக்கிறது. பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறக்கும் வரை இது யாருக்குப் பிடிபடும்? அந்தக் கன்வேர்ட்டரை எழுதியவர் கையில் அகப்பட்டால் நாலு கேள்வி கேட்பேன்.

கோப்புறைப் பெயரை மாற்றினால் பழைய இணைப்பெல்லாம் உடையும். அதனால் ஊர்ப் பெயரையே தூக்கிவிட்டு, அந்த இடத்தில் எந்த எழுத்துக்கும் பொருந்தும் ஒரு நட்சத்திரக் குறி, அதற்குப் பின்னால் 'மழை' என்று ஒரே வரியில் எல்லா ஊரையும் அடைத்தேன். ஐகாரக் குறி பிரிவதில்லை, அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் 2018 டிசம்பர் வெள்ளத்தையும் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்ததையும் இப்போதும் ஆட்கள் தேடுகிறார்கள், அந்தக் கிளிநொச்சிப் பக்கம் திறந்தே இருக்க வேண்டும். அதற்கு ஒரு அலவ் (வரலாம்) வரி: 'கிளிந', நட்சத்திரம், 'ச்சி', அப்புறம் மாதம். பார்க்க அவலட்சணம்தான், ஆனால் வேலை செய்கிறது. நீளமான விதிதான் வெல்லும் என்று ரொபோட்ஸ் கோப்புக்கென 2022இல் வந்த ஆர்எஃப்சி 9309 என்ற இணைய நியம ஆவணம் சொல்கிறது. மேலிருந்து கீழாகப் படிக்கும் பழைய பொட்டுகளுக்காக அலவ் வரியை மேலே வைத்திருக்கிறேன்.

ஹோஸ்டிங்கையும் மாற்றும் யோசனை இருக்கிறது. கொழும்பில் ஒருவர் மலிவாகச் சொல்கிறார், எஸ்எஸ்எச் (சேர்வருக்குள் தூரத்திலிருந்து நுழையும் வழி) தருவாரா என்று கேட்க வேண்டும். தந்தால் பிடிஎஃப் வரைபடங்களுக்கு எக்ஸ்-ரொபோட்ஸ்-டாக் ஹெடர், அதாவது கோப்போடு சேர்த்துப் பொட்டுக்கு அனுப்பும் அறிவுறுத்தல், போடலாம். கொக்குத்தொடுவாய் லொக்கை (வருகைப் பதிவை) இன்னும் பார்க்கவில்லை. அதில் ஒகரம் இரண்டு.