சென்சார் டயரில் இல்லை, வீலில் இருக்கிறது

டயர் மாற்றப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ரெண்டு கேள்விதான். எந்தக் கம்பெனி, என்ன விலை. "என் வண்டிக்குள்ள காத்து பாக்குற சென்சார் இருக்கா, இருந்தா எந்த வகை?" என்று கேட்டுவிட்டுப் போகிறவர்கள் குறைவு. காரைக்குடியில் சின்னதாக டிராவல்ஸ் நடத்துகிறேன். கானாடுகாத்தான் வீடுகளைப் பார்க்க, ஆத்தங்குடியில் கல் வாங்க, பிள்ளையார்பட்டியில் சாமி கும்பிட என்று வருகிறவர்களை ஏற்றி இறக்குவதுதான் நம்ம வண்டிகளின் பிழைப்பு. டயர் தேய்வது எங்களுக்கு மளிகைச் செலவு மாதிரி. அதனால் இதை எழுதுகிறேன்.

டேஷ்போர்டில் மஞ்சளாக, அடியில் பல் பல்லாக, நடுவில் ஒரு ஆச்சரியக்குறியோடு எரியுமே, அந்த விளக்குக்குப் பின்னால் ரெண்டு வேறு வேறு ஏற்பாடுகள் உண்டு.

ஒன்று, வீலுக்குள் சென்சாரே கிடையாது. ஏபிஎஸ் பிரேக்குக்காக ஒவ்வொரு சக்கரத்திலும் இருக்கிற வேக சென்சாரை வைத்தே கணக்குப் போடும். காற்று இறங்கின டயரின் உருளும் அளவு கொஞ்சம் சுருங்கும். அதே தூரத்துக்கு மற்ற மூன்றைவிட அதிகம் சுற்றும். அதைக் கண்டுபிடித்து விளக்கைப் போடும். எத்தனை பிஎஸ்ஐ என்று இதற்குத் தெரியாது, திரையில் எண்ணும் வராது. நாலு டயரிலும் ஒரே சீராக மெள்ள மெள்ளக் காற்று இறங்கினால் பழைய ஏற்பாடுகள் ஏமாந்துபோகும். இந்த வகை வண்டியில் டயரை, வீலை, ஏன் வீலின் இடத்தை மாற்றினாலும் முதலில் சரியான காற்றை அடித்துவிட்டு, பிறகு செட் பட்டனை அழுத்த வேண்டும் (சில வண்டிகளில் அது திரை மெனுவில் இருக்கும்). வரிசை மாறக்கூடாது. காற்று குறைவாக இருக்கும்போது செட் அழுத்தினால் அந்தக் குறைச்சலையே சரி என்று வண்டி படித்துக்கொள்ளும். விளக்கு அணைந்தால் போதும் என்று டிரைவர்கள் செய்கிற வேலை இது. நம்ம பையன்களுக்கு இதை மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருக்கிறேன்.

இன்னொரு வகையில் நிஜமாகவே ஒவ்வொரு வீலுக்குள்ளும் ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். டயரில் இல்லை, ரிம்மில், வால்வோடு சேர்த்து மாட்டியிருக்கும். அதனால் டயரை மட்டும் மாற்றினால் சென்சார் அப்படியே இருக்கும். புது அலாய் வாங்கி மாட்டினால் பழைய வீலோடு சென்சாரும் வீட்டுக்குப் போய்விடும்! ஆசைப்பட்டு அலாய் மாற்றிய பலருக்கு விளக்கு அணையாமல் எரிவது இதனால்தான்.

ஒவ்வொரு சென்சாருக்கும் தனி அடையாள எண் உண்டு. வண்டி நிற்கும்போது அது தூங்கும். ஓட ஆரம்பித்ததும் விழித்து, காற்றழுத்தத்தையும் சூட்டையும் ரேடியோ அலையில் அனுப்பும். வண்டிக்குள் பதிந்திருக்கிற நாலு எண்களைத் தவிர வேறு யார் கூப்பிட்டாலும் வண்டி காது கொடுக்காது. அதனால் புது சென்சார் போட்டால் அந்த எண்ணை வண்டிக்குச் சொல்லித்தர வேண்டும். சில வண்டிகள் கொஞ்ச தூரம் ஓட்டினால் தானே கற்றுக்கொள்ளும். சிலவற்றுக்குக் கையடக்கக் கருவியால் ஒவ்வொரு சக்கரமாக எழுப்ப வேண்டும். சிலவற்றுக்கு ஸ்டீயரிங் அடியில் இருக்கிற ஓபிடி பிளக்கில் (வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசுகிற பிளக்) கருவியைச் செருகித்தான் எழுத முடியும். டயரை முன்பின்னாக மாற்றிப் போடும்போதும் இதே சங்கதி. எந்தச் சக்கரம் எங்கே இருக்கிறது என்று தானாகக் கண்டுபிடிக்காத வண்டியில், பின் டயரில் காற்று போனால் திரை முன் டயரைக் காட்டும்.

எங்க சித்தப்பா மகன் நியூஜெர்சியில் இருக்கிறான். போன தடவை ஊருக்கு வந்தபோது, "அண்ணே, இங்க விலை ஜாஸ்தின்னீங்களே, அங்கேருந்தே வாங்கிட்டு வந்துட்டேன்" என்று ஒரு டப்பாவை நீட்டினான். உள்ளே நாலு சென்சார். பார்க்க நம்ம வண்டியில் இருப்பது போலவே இருந்தது. டப்பாவில் 315 மெகாஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தது. அமெரிக்காவில் பெரும்பாலான வண்டிகளுக்கு அந்த அலைவரிசை. நம்ம வண்டி கேட்பதோ, ஐரோப்பா போல, 433. மாட்டியிருந்தால் அது பாட்டுக்குக் கத்தும், வண்டிக்குக் கேட்காது. இந்த ஊரில் வீட்டுக்கு ஒருத்தர் வெளிநாட்டில் இருப்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்: வாங்கச் சொல்லும் முன் பழைய சென்சாரின் முதுகில் எழுதியிருப்பதைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

டயர் கடையில் ஆபத்து எங்கே என்றால், டயரின் ஓரத்தை ரிம்மிலிருந்து நெம்பிப் பிரிக்கிற இடத்தில். அந்த மெஷினின் கை வால்வுப் பக்கம் இறங்கினால் சென்சார் உடையும். உள்ளே சென்சார் இருக்கிறது என்று தெரிந்த பையன் வால்விலிருந்து தள்ளி ஆரம்பிப்பான். தெரியாதவன் வழக்கம்போல அழுத்துவான். நான் இப்போதெல்லாம் வண்டியை ஏற்றும் முன்னாலேயே, "தம்பி, நாலுலயும் உள்ள சென்சார் இருக்கு, மவுத்த பாத்து" என்று சொல்லிவிடுவேன். மவுத் என்றால் வால்வு. நூறடி ரோட்டில் நான் போகிற கடைக்காரர் அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொள்வார். நல்ல பழக்கம்.

அலுமினிய வால்வாக இருந்தால் டயர் மாற்றும்போது ரப்பர் வளையம், நட்டு, வால்வுக்குள்ளே காற்றை அடைத்து நிற்கிற பின் (வால்வ் கோர்) எல்லாவற்றையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பெரிய காசு இல்லை. இந்தப் பின்னில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நிக்கல் பூசினதுதான் போட வேண்டும். சாதாரணப் பித்தளைப் பின் கூடாது. நம்ம வண்டியில் ராமேஸ்வரம் வந்த சார் ஒருவர், இங்கே மின்வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பாம்பன் தாண்டும்போது காரணம் சொன்னார்: "பித்தளையும் அலுமினியமும் ஒட்டிக்கிட்டு இருந்து உப்பு ஈரம் பட்டா, கரையறது அலுமினியம்தான் தம்பி." அப்படி அரித்து இறுகிப்போன பின்னைத் திருகினால் வால்வே முறியும். அழகுக்காகப் போடுகிற உலோக மூடிகளும் இதே கதைதான். பிளாஸ்டிக் மூடி போதும்.

சென்சாருக்குள் இருக்கிற லித்தியம் பேட்டரியை மாற்ற முடியாது. பிசின் ஊற்றி மூடியிருப்பார்கள். 5 முதல் 10 வருஷம் வரும். வண்டிக்கு ஏழெட்டு வயசாகி, எப்படியும் டயரைக் கழற்றுகிறீர்கள் என்றால் நாலையும் சேர்த்தே மாற்றிவிடலாம். ஒவ்வொன்றாகச் சாகும்போது ஒவ்வொரு தடவையும் கழற்றிப் பூட்டிப் பேலன்சிங் பார்க்கிற கூலி வீண். விளக்கு முதலில் ஒரு நிமிஷத்துக்கு மேல் மினுக்கிவிட்டு அப்புறம் நிலையாக எரிந்தால், பெரும்பாலும் காற்றுப் பிரச்சினை இல்லை, சென்சார் பிரச்சினை. ஸ்டெப்னியைப் போட்டு ஓட்டும்போதும் அப்படி மினுக்கலாம். நிறைய வண்டிகளில் ஸ்டெப்னிக்குச் சென்சார் வைப்பதில்லை.

ஸ்டெப்னி என்றதும் ஒன்று. 2020-ல் வந்த திருத்தத்தின்படி, ட்யூப்லெஸ் டயரும் இந்தக் காற்றழுத்த ஏற்பாடும் பஞ்சர் கிட்டும் இருந்தால் 3.5 டன் வரையுள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயம் இல்லை. சட்டத்துக்குச் சரி. ராத்திரி பதினோரு மணிக்குத் திருமயம் தாண்டி டயரின் பக்கச் சுவர் கிழிந்தால் அந்தக் கிட் என்ன செய்யும்? நான் ஸ்டெப்னி இல்லாத வண்டியை வாங்க மாட்டேன். கிட்டில் வருகிற பசை திரவம் சென்சாரின் சிறு துளையையும் அடைத்துவிடலாம். அதை ஊற்றியிருந்தால் கடையில் சொல்லி உள்ளே துடைக்கச் சொல்லுங்கள்.

விளக்கு எரியாததால் காற்று சரி என்று நம்பவும் கூடாது. அமெரிக்க விதி, சொன்ன அளவிலிருந்து 25 சதவீதம் குறைந்தால் எச்சரிக்கச் சொல்கிறது. 33 வைக்க வேண்டிய டயர் 25-க்கு வந்த பிறகுதான் விளக்கு என்று அர்த்தம். அதற்குள் ஓரம் தேய்ந்திருக்கும். சித்திரை மத்தியானம் தேவகோட்டை போய்த் திரும்பினால் திரையில் 37, 38 என்று ஏறி நிற்கும்; பயந்து காற்றை இறக்கிவிடாதீர்கள். கதவு ஓரத்து ஸ்டிக்கரில் இருப்பது ஆறின டயருக்கான அளவு. காலையில் வண்டியை எடுக்கும் முன் பாருங்கள்.

கடைசியாக, சென்சாரை மாற்றினால் பழையதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய எண்ணையே புதியதில் ஏற்றுகிற கருவிகள் உண்டு. அப்படிச் செய்தால் வண்டிக்குத் தனியாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. பேட்டரி செத்துப்போன சென்சாரைக் கருவியால் படிக்க முடியாது. ஆனால் எண் அதன் உடம்பிலேயே அச்சாகியிருக்கும். கடைக்காரர் அதைக் குப்பையில் போடும் முன் கேளுங்கள்.