போட்டா தியானத்தில் அம்மாவோடு

தம்பியின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் கேரளாவில் நடக்கும் கத்தோலிக்க ஜெபக் கூட்டமான போட்டா தியானத்தில் முழுசாக உட்கார்வதாக அம்மா நேர்ந்திருந்தாள். ஆண்டவர் கிருபையால் தம்பி எழுந்து நடமாடி, வேலைக்கும் போக ஆரம்பித்துவிட்டான். அம்மாவின் முழங்கால்தான் ஒத்துழைக்கவில்லை. "இன்னும் தள்ளிப்போட்டா எந்த முகத்தோட அவர்கிட்ட அடுத்த விண்ணப்பம் வைக்கிறது?" என்று அவள் கேட்ட அன்றே டிக்கெட் போட்டுவிட்டேன்.

நாங்கள் போனது முரிங்கூர் டிவைன் தியான மையத்துக்கு. 1977-இல் வின்சென்சியன் சபைக் குருக்கள் பக்கத்திலிருக்கும் போட்டாவில் தியானம் கொடுக்கத் தொடங்கியதால், நம் ஊர்களில் இன்றைக்கும் இரண்டுக்கும் போட்டா என்றே பேர். டிவைன் நகர் என்று தனி ஸ்டேஷனே உண்டு. எங்கள் ரயில் அங்கே நிற்காது. சாலக்குடியில் இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். தமிழ் பேசினால் ஒரு ரேட், அம்மாவின் நடையைப் பார்த்ததும் அதற்கும் மேலே. தியானத்துக்கு வருகிறவர்களிடமா இப்படி என்று எனக்கு ஆத்திரம். "குடுத்துட்டு வாம்மா, நேரமாகுது" என்றாள் அம்மா.

கூட்டம் கொஞ்ச நஞ்சமில்லை. மலையாளம், தமிழ், இந்தி என்று மொழிவாரியாக ஜனம். வரிசையில் ஒருவர் நிற்பார். நெருங்கும் நேரத்தில் குடும்பமே வந்து முன்னால் சேர்ந்துகொள்ளும். முன் இடங்களெல்லாம் காலையிலேயே துண்டு போட்டுப் பிடித்தாகிவிடும். கவுன்சிலிங்குக்குக் காத்திருந்தபோது முழங்கால் வீங்கி, அம்மா சுவரில் சாய்ந்தே நின்றாள். ஒரு துண்டை எடுத்து அம்மாவை உட்காரவைக்க அங்கே யாருக்கும் மனசு வரவில்லையே என்று அன்றைக்கு எனக்கு ஜெபமே ஓடவில்லை.

கடைசியில் ஓரத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டது ஒரு வயதான அக்கா. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் சாலக்குடி ஆறு இந்த வளாகத்துக்குள் புகுந்தபோது, தியானத்துக்கு வந்து மாடியில் சிக்கிக்கொண்டவர்களில் அவரும் ஒருவராம். அன்று உயிரோடு கரை சேர்த்தவருக்கு நன்றி சொல்லத்தான் ஒவ்வொரு வருஷமும் வருகிறாராம். அவர் துதிக்க ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவர் காது அடைத்துவிடும். அப்படி ஒரு குரல்!

ஆராதனை இரவைப் பற்றித்தான் எழுத வேண்டும். சாமியார் நற்கருணை அப்பம் வைத்த கதிர்ப்பாத்திரத்தை ஏந்திக்கொண்டு ஜனத்துக்கு நடுவே நடந்து வந்தார். மேளமும் அல்லேலூயாவும் அழுகையுமாக மண்டபமே அதிர்ந்தது. நற்கருணை ஆண்டவர் எங்கள் வரிசைக்கு வந்ததும், அந்த முழங்காலோடு அம்மா நாற்காலியிலிருந்து நழுவித் தரையில் மண்டியிட்டாள். தூக்கப் போனேன். அந்த அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். குனிந்தபோது அம்மாவின் குரல் காதில் விழுந்தது.

"பிலோமினாவைப் பாத்துக்கோங்க ஆண்டவரே. ஒரு நாள்கூட நான் அவளுக்காக அழலையே."

எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத பெயர். கல்லறைத் திருநாள்தோறும் தாத்தா கல்லறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்மேட்டிலும் அம்மா மெழுகுவர்த்தி ஏற்றுவாள். யாரென்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். எனக்கு முன்னால் பிறந்த அக்காவாம். ஞானஸ்நானம் கொடுத்த வாரமே காய்ச்சலில் போய்விட்டாளாம். பெரிய குடும்பம், "அடுத்தது வரும், அழாத" என்று வாயை அடைத்துவிட்டார்கள். மறுநாள் கஞ்சி குடித்துக்கொண்டே இதையெல்லாம் அம்மா சொன்னாள், ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி.

வீட்டில் அழ முடியாத தாய்க்கு ஆயிரம் பேர் கூச்சலுக்கு நடுவே ஆண்டவர் தனி இடம் கொடுத்திருக்கிறார். கூட்டம் நெருக்கித் தள்ளும்போதும் ஆடை விளிம்பைத் தொட்ட ஒருத்தியை அறிந்துகொண்டவர் அல்லவா அவர்! நான் எந்த இரைச்சலைச் சபித்தேனோ, அந்த இரைச்சல் இல்லாவிட்டால் அம்மா வாய் திறந்திருக்க மாட்டாள். பாவசங்கீர்த்தனத்தில் என் எரிச்சலையெல்லாம் கொட்டிவிட்டு நன்றியோடு எழுந்தேன்.

முழங்கால் இன்னும் வலிக்கிறது. ஆனால் அம்மா இரவில் முழுசாகத் தூங்குகிறாள். அந்த மேட்டில் வைக்கப் பெயரோடு ஒரு கல் சிலுவைக்குச் சொல்லியிருக்கிறோம், நவம்பர் 2-க்குள் வந்துவிடும். தம்பியின் உயிருக்காக நன்றி ஆண்டவரே. அம்மாவின் கண்ணீருக்காக நன்றி. அக்காவை எங்களுக்குத் திருப்பிக் கொடுத்ததற்காக நன்றி. இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க!