மயாமி ஷோபேண்டு போன சாலை: டப்ளினிலிருந்து பஸ்க்ஹில் வரை

டப்ளின் ஓகானல் தெருவின் வடகோடியைத் தாண்டினால் பார்னெல் சதுக்கம். அதன் வடபக்கத்தில், ஒருகாலத்தில் நேஷனல் பால்ரூம் என்ற நடன அரங்கு நடந்த இடத்தருகே, மயாமி ஷோபேண்டு என்ற ஐரிஷ் நடன இசைக்குழுவின் நினைவுச்சின்னம் நிற்கிறது. திறந்தது 2007 டிசம்பரில். ஃபிரான் ஓ'டூல், டோனி ஜெராட்டி, பிரையன் மெக்காய் என்று, 1975-இல் கொல்லப்பட்ட மூன்று கலைஞர்களின் பெயர்கள். பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் இதோடு திரும்பிவிடுகிறார்கள். ஆனால் ஷோபேண்டு வாழ்ந்ததெல்லாம் வேனில், சாலையில்தான். அந்தச் சாலையில் ஒரு நாளாவது போய் வர வேண்டும்.

அயர்லாந்தில் பழைய நடன இசைக்குழுக்கள் நோட்ஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உட்கார்ந்தே வாசித்தன. ஷோபேண்டுக்காரர்கள் ஒரே மாதிரி சூட் போட்டு, நின்று, துள்ளி, டிரம்பெட்டும் சாக்ஸபோனுமாக அன்றைய ஹிட் பாட்டுகளை மணிக்கணக்கில் இசைத்தார்கள். 1962-இல் உருவான மயாமியில் டிக்கி ராக் பாடத் தொடங்கியதும் கூட்டம் அலைமோதியது. 1966 யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் அவருக்கு நான்காம் இடம். அரங்குகளில் மது கிடையாது, குளிர்பானம் மட்டும்தான். பிறகு மது விற்கும் லவுஞ்ச் பார்களும் டிஸ்கோவும் வர, அரங்குகள் காலியாகத் தொடங்கின. டிக்கி ராக் விலகிய பிறகும் ஓ'டூல் தலைமையில் மயாமி தாக்குப்பிடித்தது.

டப்ளினிலிருந்து எம்1 நெடுஞ்சாலையைப் பிடித்தால், வடக்கு அயர்லாந்திலுள்ள நியூரிக்கு ஒன்றேகால் மணி நேரம். எல்லையில் சோதனைச்சாவடி இல்லை. வேகப் பலகை கிலோமீட்டரிலிருந்து மைலுக்கு மாறுவதுதான் அடையாளம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வடக்கு அயர்லாந்து பிரிட்டனைச் சேர்ந்தது, சாவடி இல்லாவிட்டாலும் விசா தேவை. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் ஐரிஷ் விசாவில் 'பிஐவிஎஸ்' (பிரிட்டிஷ்-ஐரிஷ் விசா திட்டம்) என்ற குறிப்பு இருக்கிறதா என்று புறப்படும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். வாடகைக் கார் என்றால் எல்லை தாண்டுவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நியூரிக்கு வடக்கே சுமார் 11 கி.மீ.யில் பஸ்க்ஹில். ஏ1 வேகமான இரட்டைச் சாலை, அதில் வண்டியை நிறுத்தவே கூடாது. பக்கச் சாலைக்கு விலகி, அகலமான இடமாகப் பார்த்து நிறுத்துங்கள்.

1975 ஜூலை 31, அதிகாலை. பேன்பிரிட்ஜ் கேசில் பால்ரூமில் வாசித்துவிட்டு டப்ளின் திரும்பிய ஃபோக்ஸ்வேகன் மினிபஸ்ஸை, ராணுவச் சீருடையில் நின்றவர்கள் இங்கே கைகாட்டி நிறுத்தினார்கள். அவர்கள் அல்ஸ்டர் வாலண்டியர் ஃபோர்ஸ் என்ற, பிரிட்டனோடு இருப்பதையே விரும்பிய புராட்டஸ்டன்ட் ஆயுதக் குழுவின் ஆட்கள். சிலர் பிரிட்டிஷ் ராணுவத்தின் உள்ளூர்ப் படைப்பிரிவிலும் இருந்தவர்கள். ஐந்து கலைஞர்களையும் சாலையோரம் வரிசையாக நிற்கவைத்து, வண்டிக்குள் குண்டு வைத்தார்கள். வழியில் வெடித்தால் இசைக்குழுவே வெடிகுண்டு கடத்தியதாகத் தெரியும் என்பது திட்டம். அது அப்போதே வெடித்து, வைத்த இருவரும் செத்தார்கள். மற்றவர்கள் சுடத் தொடங்கினார்கள். மூவர் இறந்தார்கள், டெஸ் லீயும் ஸ்டீபன் டிராவர்ஸும் பிழைத்தார்கள். டிரம்மர் ரே மில்லர் அன்று தனியாக ஆன்ட்ரிம் போயிருந்தார்.

கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டும் ஒரே மேடையில் நின்ற குழு இது. மெக்காய் வடக்கு அயர்லாந்தின் டைரோனைச் சேர்ந்த புராட்டஸ்டன்ட். அந்த இரவுக்குப் பின் தெற்கத்திக் குழுக்கள் வடக்கே போக அஞ்சின. ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருந்த தொழிலில் பாதிச் சாலை அடைபட்டது.

அந்தக்கால அரங்கு ஒன்றைப் பார்க்க விரும்பினால், லீட்ரிம் மாவட்டத்தில் என்16 சாலையிலுள்ள கிளென்ஃபார்ன் போங்கள். ரெயின்போ பால்ரூம் 1934-இல் திறந்தது, இன்னும் நிற்கிறது. போகும் முன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.