பத்தாவது போர்வை

அம்மாவின் முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதா கோயில் வாசலில் பத்துப் பேருக்குப் போர்வை கொடுப்பதாக நேர்ச்சை. அக்டோபர் திருவிழாக் கூட்டத்தில் முடியாது என்று, கூட்டம் ஓய்ந்த ஒரு சனிக்கிழமை சென்னிமலைப் போர்வைகளைக் கட்டித் தூக்கிக்கொண்டு அவிநாசி ரோட்டு பஸ்ஸில் ஏறினேன்.

பூசை முடிந்தும் கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். இந்தக் கோயிலுக்கு வந்தால் எனக்கு மரியோன் பிரெசிலாக் ஞாபகம் வந்துவிடும். பிரான்சிலிருந்து வந்தவர், 1846 அக்டோபர் 4 அன்று இந்த ஊரில்தான் ஆயராக அபிஷேகம் பெற்றார். இந்த மண்ணின் பிள்ளைகளே குருக்களாக வேண்டும் என்பதில் பிடிவாதக்காரர். சாதி, சடங்கு விஷயங்களில் மனம் ஒப்பாமல் பதவியை விட்டுப் போனார். 1856-இல் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையைத் தொடங்கினார். 1859-இல் சியரா லியோனில் போய் இறங்கியபோது அங்கே மஞ்சள் காய்ச்சல். ஆறே வாரத்தில் இறந்துபோனார். கோயமுத்தூர்ச் சீமையில் சும்மா இருந்திருக்கலாமே என்று தோன்றும். சரி, அப்படி இருக்கத் தெரிந்தவர்கள் வேறு.

வெளியே வந்து ஒன்பது போர்வை கொடுத்தாயிற்று. கும்பிட்டு வாங்கினார்கள், எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. அப்பா வின்சென்ட் தே பால் சபையில் இருந்தவர். ஞாயிறுதோறும் இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு ஏழை வீடுகளுக்குப் போவார். அவர்கள் கூட்டத்தில் காணிக்கைப் பை சுற்றி வரும். யார் எவ்வளவு போட்டார்கள் என்று பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. நானோ நட்ட நடு வாசலில் நின்று பட்டுவாடா செய்துகொண்டிருந்தேன்.

பத்தாவதாக, மாதா சொரூபம் வைத்த குகை மாதிரியான கெபிக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி. நீட்டியதும் தலையை ஆட்டிவிட்டார்.

"போர்வை இருக்குது கண்ணு. பேனா வெச்சிருக்கறயா?"

மஞ்சப்பையிலிருந்து முதியோர் உதவித்தொகை மனு வந்தது. மாதம் 1,200 ரூபாய். தறிக்குப் போன கை, இப்போது நூல் பிடிக்கக்கூடக் கண் தெரியவில்லை. இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்களாம். வாங்கிப் பார்த்தேன். ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் வேறு பெயர்.

"இதுல எதுங்காத்தா உங்க பேரு?"

"ரெண்டும் நாந்தான். ஒண்ணு எங்கப்பன் வெச்சது, இன்னொண்ணு ஊரு கூப்புடறது."

வேதக்காரரும் இல்லையாம், செவ்வாய், சனி வந்து மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போகிறவர். படியிலேயே உட்கார்ந்து எழுதினேன். அப்புறம் சோமனூரில் இ-சேவை மையத்துக்குக் கூட்டிப்போய், முதலில் ரேஷன் கார்டில் பெயர் திருத்தத்துக்குக் கொடுத்தோம். வரிசையில் நின்றே மத்தியானம் போய்விட்டது. போன் நம்பர் கேட்டபோது பாட்டி என்னைப் பார்த்தார். என் நம்பரைச் சொன்னேன்.

பத்தாவது போர்வை வீட்டிலேயே இருக்கிறது. நேர்ச்சை பாக்கி என்று அம்மா நச்சரிக்கிறார். பாட்டிக்கு வரவேண்டிய ஓடிபி எல்லாம் எனக்கு வந்துகொண்டிருக்கிறது.