அலுமினியம்–கார்பன் பட்டையின் வளைவை அடக்கும் முயற்சி: இதுவரை

வீட்டில் கட்டிக்கொண்டிருக்கும் சின்ன சிஎன்சி மெஷினுக்குக் (கணினி சொன்னபடி பொருளை வெட்டிச் செதுக்கும் இயந்திரம்) குறுக்குச் சட்டம் வேண்டும். எடை கூடாமல் விறைப்பு கூடட்டும் என்று அலுமினியப் பட்டையின் மேல் கார்பன் ஃபைபரை எபாக்சியில் (சூட்டில் இறுகும் பசை ரெசின்) ஒட்டி, 80 டிகிரியில் ஓவனில் வைத்தேன். ஆறியதும் வில் மாதிரி வளைந்து நின்றது.

அலுமினியம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு சுமார் 23 மைக்ரான் நீளும். கார்பன் இழை நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையவே அசையாது. ரெசின் சூட்டில் இறுகி இரண்டையும் பூட்டிவிடுகிறது. ஆறும்போது அலுமினியம் சுருங்கப் பார்க்கும், கார்பன் விடாது. இரட்டை உலோகப் பட்டை (இரண்டு உலோகங்களை ஒட்டிய பட்டை) சூட்டில் எவ்வளவு வளையும் என்பதற்குப் பொறியியல் அறிஞர் டிமோஷென்கோ 1925இல் தந்த சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். இரண்டு அடுக்கும் 1 மி.மீ., நீளம் 30 செ.மீ., சூடு வித்தியாசம் 50 டிகிரி என்றால் நடுவில் ஏறக்குறைய 10 மி.மீ. எழும்ப வேண்டும். அளந்ததும் அதை ஒட்டியே வந்தது. (நடுவே மெல்லிய கண்ணாடி இழைத் துணி ஒன்று உண்டு. கார்பன் நேராக அலுமினியத்தைத் தொட்டால், ஈரம் பட்டதும் அலுமினியம் அரிக்கும்.)

அதே பட்டையைத் திரும்ப ஓவனில் வைத்து மெதுவாகச் சூடேற்றினேன். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தால் வளைவு இறங்கிக்கொண்டே வருகிறது. 80ஐ நெருங்கும்போது தட்டையாகிவிட்டது. எனக்கு இதுதான் பெரிய பிடி. எந்தச் சூட்டில் பட்டை தட்டையாகிறதோ, அந்தச் சூட்டில் உள்ளே இழுவிசை ஏறக்குறைய இல்லை. ஆக, அந்தப் புள்ளியைக் கீழே இறக்க வேண்டும்.

அடுத்த பட்டையை அறைச் சூட்டிலேயே, 30 டிகிரியில், இறுக விட்டேன். அப்படியே விட்டுவிட முடியாது. அறையில் இறுகிய எபாக்சி வெயிலில் நின்றாலே இளகும், கறுப்புக் கார்பன் சூட்டை நன்றாக வாங்கும். அதனால் இறுகிய பிறகு படிப்படியாக 80 வரை ஏற்றினேன். ஓவனுக்குள் பட்டை எதிர்ப்பக்கம் வளைந்தது, ஆறியதும் திரும்பிவிட்டது. மிச்ச வளைவு சுமார் 2 மி.மீ., தட்டையாகும் புள்ளி 40க்குப் பக்கம். சூட்டை அவசரமாக ஏற்றினால் ரெசின் இளகி, புதுச் சூட்டிலேயே மறுபடி படிந்துகொள்கிறது, பொறுமைக்குத்தான் கூலி.

இப்போது இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு சூடு. மெல்லிய பட்டையில் இது நடக்காது, சூடு உடனே கடந்துவிடும். நடுவே 10 மி.மீ. நுரைப் பலகை வைத்தால் நடக்கிறது. முதலில் இரு பக்கமும் அலுமினியம் வைத்து, ஒரு பக்கம் ஹீட்டர் மேட்டில் 60, மறு பக்கம் ஈரத்துணியும் ஃபேனும் வைத்து 30. இரு முகமும் ஒரே உலோகம்தான்; ஆனாலும் 60 செ.மீ. பலகை ஆறியதும் 3 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக, சூடான முகம் உட்பக்கமாக வளைந்தது. வேண்டுமென்றே வளைவு கொடுக்க நல்ல வழி.

பிறகு ஒரு முகம் கார்பன், ஒரு முகம் அலுமினியம். சூடு கார்பன் பக்கத்துக்கு மட்டும். அது நீளப்போவதில்லை, அலுமினியம் குளிர்ந்தே இருக்கிறது. பலகை நேராக வந்தது, ஸ்ட்ரெயிட் எட்ஜ் (நேர்கோல்) வைத்தால், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜில் 0.2 மி.மீ. தாள்கூட அடியில் நுழையவில்லை. அலுமினியப் பக்கத்து ரெசின் மட்டும் இன்னும் அறைச் சூட்டு வலிமையில்தான் இருக்கிறது. அதை ஒரு நாளைக்கு 5 டிகிரி வீதம் ஏற்றப்போகிறேன். ஹீட்டர் மேட்டை அந்தப் பக்கம் மாற்றிக் கட்டியாயிற்று.