சிப்பிப்பாறையா, கன்னியா?

மணி போய் ஒன்றரை வருடம் எங்கள் வீட்டில் நாய் இல்லை. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்குத் தானாக வந்து சேர்ந்து, பதினோரு வருடம் எங்கள் வாசலிலேயே கிடந்தவன். அவன் படுத்த கோணியை அம்மா துவைத்து மடித்து இன்னும் மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறார். மறுபடியும் ஒரு தெருக்குட்டியை எடுத்துக்கொள்ளலாமே என்று தம்பி சொன்னான், எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அப்பா ஒன்று கேட்டார். கேட்டே பழக்கமில்லாதவர். கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து துறைமுக வேலைக்கு இங்கே வந்து, வேலையும் முடிந்து ஓய்வும் பெற்றுவிட்டார். "சின்ன வயசுல எங்க வீட்ல இருந்த மாதிரி ஒண்ணு வளக்கணும்" என்றார். அந்த மாதிரி என்றால் எந்த மாதிரி என்று கேட்டால், "சிப்பிப்பாறை... இல்ல, கன்னி... ரெண்டும் இருந்துச்சு" என்றார். அங்கேதான் ஆறு மாத அலைச்சல் ஆரம்பித்தது.

அந்தப் பக்கத்து இன்னொரு நாட்டு நாய் ஜாதியான ராஜபாளையத்தை முதலிலேயே தள்ளிவிட்டோம். அழகான நாய்தான், 2005-இல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை போட்டபோது அதுவும் இருந்தது (சிப்பிப்பாறையும் இல்லை கன்னியும் இல்லை, அப்பாவுக்கு அது இன்னும் குறை). ஆனால் அந்தப் பால் வெள்ளையோடு காது கேளாமையும் சில குட்டிகளுக்குச் சேர்ந்தே வருகிறது. எங்கள் தெருமுனையைத் தாண்டினால் எண்ணூர் நெடுஞ்சாலை, ராத்திரி பகல் கண்டெய்னர் லாரி. காது கேட்காத நாயை அங்கே வைத்துக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை.

மீதி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், பழகாதவர் கண்ணுக்கு ஒரே நாய். நீளமான கூர்முகம், ஆழமான மார்பு, ஒட்டிய வயிறு, சாட்டை மாதிரி வால், எண்ணிவிடலாம் போல விலா எலும்பு. இரண்டும் மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடுபவை, கரிசல் காட்டில் முயல் விரட்டியவை. சிப்பிப்பாறைக்கு விருதுநகர் மாவட்டத்து ஊர்தான் பெயர். செவலை, சாம்பல் என்று பல நிறத்தில் இருக்கும். கன்னி என்றால் கறுப்பு உடம்பு, காலிலும் மார்பிலும் செம்பழுப்பு, இரண்டு கண்ணுக்கும் மேலே ஒவ்வொரு புள்ளி, தூங்கும்போதும் விழித்துக்கொண்டிருப்பது போலவே தெரியும். வெளிர் நிறத்தில் பிறப்பதைப் பால் கன்னி என்பார்கள். கல்யாணப் பெண்ணுக்குச் சீர்வரிசையோடு குட்டியையும் கொடுத்து அனுப்பியதால் கன்னி என்ற பெயர் வந்தது என்று அப்பா சொல்கிறார், அந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறார்கள்.

குணத்தில் என்ன வித்தியாசம் என்று ஒரு இருபது பேரிடமாவது போனில் கேட்டிருப்பேன். ஒருவர் கன்னி என்பது நிறம்தான், தனி இனமே இல்லை என்றார். அதை அடுத்தவரிடம் சொன்னதும் அவர் கோபப்பட்டு அரை மணி நேரம் பேசினார், தலை அகலம், முதுகு வளைவு, வால் நுனி என்று. கன்னி கூச்சம் அதிகம் என்றார்கள், சிப்பிப்பாறை ஒரே ஆளிடம்தான் ஒட்டும் என்றார்கள், மறுநாள் இன்னொருவர் இதையே மாற்றிச் சொன்னார். எனக்கு உறுதியாகக் கிடைத்த வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான்: மே மாதத்தில் எங்கள் மொட்டை மாடியில் கறுப்புத் தோலுக்குச் சூடு அதிகம்.

கடைசியில் வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் மணிக்குப் பார்த்த டாக்டரிடமே போய்க் கேட்டேன். காலையில் டோக்கன் வாங்கி, கையில் நாய் இல்லாமல் உட்கார்ந்திருந்த ஒரே ஆள் நான். அவர் பொறுமையாகச் சொன்னார். இரண்டுக்கும் உடம்பில் கொழுப்பு குறைவு, தோல் மெல்லியது, கம்பியில் உரசினாலே கிழியும். கருத்தடைக்கோ வேறு ஆபரேஷனுக்கோ போனால் மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால் இது வேட்டை நாய் ஜாதி என்று நாமே சொல்லிவிட வேண்டும், சில பழைய மருந்துகள் இதுகளுக்கு உடம்பைவிட்டு இறங்க நேரமாகும். நெஞ்சு ஆழமானது என்பதால் வயிறு முட்டத் தின்றுவிட்டு ஓடக்கூடாது. இதெல்லாம் இரண்டுக்கும் பொது. அப்புறம் ஒன்று சொன்னார்: "எந்த ஜாதின்னு ஆறு மாசம் யோசிச்சிருக்கீங்க. தாயைப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அதுவரை குட்டிகளின் போட்டோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதலில் போனது செங்குன்றம் தாண்டி ஒரு கென்னல். பெயர் வேண்டாம். வாசலில் பெரிய பலகை, உள்ளே வரிசையாகக் கூண்டு, ஆறேழு ஜாதி. சிப்பிப்பாறைக் குட்டி 22,000 ரூபாய், மூன்று தலைமுறைப் பெயர் போட்ட சான்றிதழ் உண்டு என்றார். குட்டி செவலை, நல்ல எடுப்பு, தம்பி அப்போதே மடியில் வைத்துக்கொண்டான். எத்தனை நாள் ஆச்சு என்றேன். முப்பத்தைந்து நாள், இன்றைக்கே எடுத்துட்டுப் போங்க, இந்த வயசில் எடுத்தால்தான் பாசமாக இருக்கும் என்றார். எட்டு வாரம் ஆகாமல் குட்டியை விற்கக்கூடாது என்று 2017-இலேயே நாய் வளர்ப்பு, விற்பனைக்கு மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. அதைச் சொன்னதும் சிரித்தார். சரி, தாயைப் பார்க்கலாமா என்றேன். தாய் வேறு இடத்தில் இருக்கிறது என்றார், அப்புறம் உடம்பு சரியில்லை என்றார், அப்புறம் வெளியாட்களைப் பார்த்தால் கடிக்கும் என்றார்.

கடைசிக் கூண்டில் ஒரு பெட்டை படுத்திருந்தது. செவலை, குட்டிக்கு இருந்த அதே வெள்ளை நெஞ்சுக் கோடு. முழங்கை இரண்டும் சிமெண்ட் தரையில் தேய்ந்து கறுத்து மயிர் இல்லாமல் காய்த்திருந்தது. மடி தொங்கித் தரையில் கிடந்தது. எங்களைப் பார்த்து எழுந்திருக்கவில்லை, குரைக்கவும் இல்லை, கண்ணை மட்டும் திருப்பிக்கொண்டது. அதே விதியில் பெட்டைக்கு ஒன்றரை வயது ஆகாமல் ஈன வைக்கக்கூடாது, வருடத்துக்கு ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது, ஆயுளுக்கு ஐந்துதான் என்றும் இருக்கிறது. அவளுக்கு எத்தனையாவது என்று நான் கேட்கவில்லை. தம்பி குட்டியைத் திருப்பிக் கொடுத்தபோது அவன் கை நடுங்கியது. வீடு வந்து சேரும் வரை காரில் யாரும் பேசவில்லை. அந்தக் குட்டியை விட்டுவிட்டு வந்தது சரியா தப்பா என்று எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை, ஆனால் அங்கே பணம் கொடுத்திருந்தால் அடுத்த ஈற்றுக்கு அவளைத் தயார் பண்ண நானே காசு கொடுத்த மாதிரி ஆகியிருக்கும்.

இன்னொருவர், போனில் மட்டும், முன்பணம் அனுப்புங்கள் ஆம்னி பஸ் டிக்கியில் அட்டைப்பெட்டியில் ஏற்றிவிடுகிறேன், காலையில் வந்து இறக்கிக்கொள்ளுங்கள் என்றார். வேறொருவர் தாய் எப்படி என்று கேட்டதற்கு முயல் பிடிக்கிற வீடியோ அனுப்பினார். முயல் வேட்டை 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். இரண்டு நம்பரையும் அழித்துவிட்டேன்.

அப்பாவின் சித்தப்பா மகன் மூலமாகத்தான் கோவில்பட்டிக்காரர் கிடைத்தார். விவசாயி, இரண்டே பெட்டைகள். போனில் நாங்கள் கேட்டதைவிட அவர் கேட்டதுதான் அதிகம். வீடு சொந்தமா வாடகையா, பகலில் யார் இருப்பீர்கள், கட்டிப் போடுவீர்களா, ஓட இடம் இருக்கிறதா. விடிகாலையில் கார்ப்பரேஷன் மைதானம் காலியாக இருக்கும், நாலு பக்கமும் சுவர், அங்கே அவிழ்த்துவிடலாம் என்றேன். "சொவரு எத்தன அடி தாயி?" என்றார். அளந்து சொன்னேன். அறுபது நாள் ஆகாமல் தரமாட்டேன், வந்து பார்த்தால்தான் தருவேன் என்றார்.

நாங்கள் மனசில் வைத்துக்கொண்டு போனது சிப்பிப்பாறை. அவரிடம் இரண்டுமே ஈன்றிருந்தது, ஒரு வார வித்தியாசத்தில். மாட்டுத் தொழுவத்தை ஒட்டி வேப்பமரம், கீழே வைக்கோல். கால்நடைத் துறைப் பதிவுக் காகிதத்தை லேமினேட் பண்ணித் தொழுவத்துத் தூணில் மாட்டியிருந்தார். சிப்பிப்பாறைத் தாய் எங்களைப் பார்த்ததும் குட்டிகளுக்கு முன்னால் வந்து நின்று உறுமியது, அவர் அதட்டியும் அடங்கவில்லை. கன்னித்தாய் தூரத்தில் நின்று பார்த்தது. அப்பா குந்தி உட்கார்ந்தார், கையை நீட்டவில்லை, கூப்பிடவில்லை. ஒரு அஞ்சு நிமிஷம் ஆகியிருக்கும். தானாக வந்து அவர் முழங்காலை மோந்து, சட்டைப் பையை மோந்து, அப்புறம் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது. முழங்கையில் காய்ப்பு இல்லை, மடி வற்ற ஆரம்பித்திருந்தது. இது இரண்டாவது ஈற்று, முதலாவது முடிந்து ஒன்றே முக்கால் வருடம் ஆச்சு என்றார்.

"சிப்பிப்பாறைல குத்தம் இல்ல அண்ணாச்சி. இவ காவலுக்கு உள்ளவ, தோட்டந்தொரவுக்குத்தான் சரி. ஒங்க ஊர்ல சந்துக்குள்ள ஆளு பொழங்குற எடம். அவ குட்டியக் கொண்டு போங்க" என்று கன்னியைக் காட்டினார். கன்னிக் குட்டிக்குத்தான் விலை குறைவு, 9,000. கூடுதல் விலை வருகிற குட்டியை ஒருவர் வேண்டாம் என்று சொன்னது ஆறு மாதத்தில் அதுதான் முதல் தடவை.

அப்புறம் ஒன்று செய்தார். எங்கள் பக்கம் சாவு ஊர்வலம் என்றால் பறையும் வெடியும் தெருவே அதிரும் என்று தம்பி சொல்லியிருந்தான். அவர் ஒரு சில்வர் சொம்பை எடுத்துக் குட்டிகளுக்குக் கொஞ்சம் தள்ளிக் கல்லில் போட்டார். ஐந்து குட்டியும் சிதறி ஓடின. இரண்டு வைக்கோலுக்குள் போனது வரவே இல்லை. ஒரு பெட்டைக் குட்டி நாலடி ஓடி நின்று, திரும்பி, தலையைச் சாய்த்து, சொம்பு உருண்டு நிற்கும் வரை பார்த்துவிட்டு, வயிறு தரையில் பட ஊர்ந்து வந்து அதன் வாயை மோந்தது. "பயந்துச்சு, ஆனா திரும்பி வந்துச்சு பாத்தீகளா. பயப்படாத குட்டி வேணாம், திரும்பி வாற குட்டிதான் வேணும்" என்றார். அவள்தான் எங்கள் மிளகு.

தடுப்பூசி அட்டை, பூச்சி மருந்து கொடுத்த தேதி, தேதி போட்ட ரசீது, தாய் படுத்த சாக்கில் ஒரு துண்டு, எல்லாம் கொடுத்தார். சென்னைக்கு ஐந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல், துவரங்குறிச்சியில் ஒரு தடவை வாந்தி எடுத்தாள், மற்றபடி அந்தச் சாக்குத் துண்டில் மூக்கை வைத்துக்கொண்டு தூங்கினாள். வீட்டுக்கு வந்ததும் அம்மா யாரையும் கேட்காமல் மணியின் கோணியை எடுத்துப் போட்டு, அதன் மேல் அந்தச் சாக்குத் துண்டை விரித்தார்.

மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி போட்டு, மைக்ரோசிப் வைத்து, மாநகராட்சி உரிமமும் வாங்கிவிட்டோம். கட்டணம் 50 ரூபாய்தான், இல்லையென்றால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2025-இல் அறிவித்தார்கள். விண்ணப்பத்தில் இனம் என்ற இடத்தில் கன்னி என்று எழுதினேன். வரிசையில் பின்னால் நின்றவர் "டாபர்மேன் குட்டியா?" என்று கேட்டார், அப்பா அவருக்குக் கால் மணி நேரம் சொன்னார். எதிர்வீட்டு அக்கா மட்டும் தினமும் மாடியிலிருந்து, "இன்னாம்மா, நாய்க்கு சோறு போட மாட்டீங்களா, எலும்பு தெரியுது பாரு" என்கிறார். இப்போது அவரே ஒரு முட்டை அவித்துக் கொண்டு வருகிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவில்பட்டியிலிருந்து வீடியோ கால் வரும். எங்களிடம் இரண்டு வார்த்தை, மீதியெல்லாம் மிளகோடு. போன வாரம் போனைத் தாயிடம் காட்டினார். தாய் திரையைப் பார்க்கவில்லை. மிளகு பார்த்தாள், அந்தக் குரலுக்குக் காது இரண்டும் தூக்கி, போனுக்குப் பின்பக்கம் போய்த் தேடினாள்.