திங்கட்கிழமை நுரை

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் எஸ்டிபி ஆபரேட்டராக இருக்கிறேன். எஸ்டிபி என்றால் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். பதினோரு வருடமாக இதே வேலை. இருநூற்றுச் சொச்சம் வீடுகளில் குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், துணி துவைத்த தண்ணீர் எல்லாம் தரைக்கு அடியில் இருக்கும் எங்கள் தொட்டிக்குத்தான் வந்து சேரும். யார் வீட்டில் என்ன சமையல் என்று எனக்குத் தெரியாது. ஆனால் எந்தக் கிழமை எல்லோரும் துணி துவைத்தார்கள் என்று தொட்டியைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

காற்றுத் தொட்டி நன்றாக இருந்தால் தண்ணீர் பழுப்பாக இருக்கும், ஈர மண் வாசனை அடிக்கும். அழுக்கைத் தின்கிற நுண்ணுயிர்கள் அதில் வாழ்கின்றன. தினமும் காலையில் ஒரு லிட்டர் அளவு ஜாடியில் அந்தத் தண்ணீரைப் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வைப்பேன். வண்டல் கீழே இறங்கி 300 மில்லி கோட்டுக்குப் பக்கத்தில் நின்று, மேலே தெளிந்த நீர் தெரிந்தால் அன்றைக்கு நிம்மதி.

திங்கட்கிழமைகளில் அந்த நிம்மதி கிடைக்காது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் எல்லா வீட்டு வாஷிங் மெஷினும் ஓடியிருக்கும். தொட்டியின் மேல் வெள்ளை வெளேரென்று நுரை ஏறி நிற்கும். ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்து அடித்து அதை அமுக்க வேண்டும். ஒரு தீபாவளிக்கு அடுத்த வாரம் ராத்திரியில், தொட்டிக்குக் காற்று ஊதும் பிளோயர் நின்றுவிட்டது. மறுபடி போட்டதும் நுரை பொங்கித் தொட்டி விளிம்பைத் தாண்டி, படிக்கட்டில் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. பம்ப் பேனலுக்குள் போய்விடுமோ என்று பயந்து, விடியும்வரை நானும் உதவியாளரும் முறத்தால் வாரி வாரிக் கொட்டினோம். வாசனை மட்டும் ஜாதிமல்லி மாதிரி இருந்தது. அந்த வாசனையை அதற்குப் பிறகு எனக்குப் பிடிக்காமலே போய்விட்டது.

பிளோயர் நின்றதற்கும் நுரைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. இப்போதைய துணிப் பவுடர்களில் அழுக்கை எடுக்கும் முக்கியப் பொருள் எல்ஏஎஸ் என்ற ரசாயனம். அதற்கு முன்பு இருந்த ரகம் நுண்ணுயிர்களுக்கு மசியவே மசியாது. அதனால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆறுகளில் நுரை மலைபோல மிதந்தது. மேற்கு ஜெர்மனி 1961இல் சட்டமே போட்டது, அமெரிக்க நிறுவனங்கள் 1965இல் இந்தப் புது ரகத்துக்கு மாறின. இது மக்கும்தான். ஆனால் மக்குவதற்குக் காற்று வேண்டும். காற்று இல்லாத சாக்கடையிலும் ஏரிச் சேற்றிலும், பிளோயர் நின்ற தொட்டியிலும் அது அப்படியே கிடக்கும். பாக்கெட்டில் ‘மக்கும்’ என்று போட்டிருக்கிறதே என்று நம்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எனக்குச் சொந்த ஊர் ஓசூர்ப் பக்கம். பெங்களூருவின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவு தென்பெண்ணையில் கலந்து எங்கள் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. மதகைத் திறந்தால் நுரை பறக்கும், ஆற்றை ஒட்டிய வயலில் வந்து விழும். 2015இல் பெல்லந்தூர் ஏரி நுரை தீப்பற்றி எரிந்த செய்தியைப் பார்த்தபோது என் வேலை எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. ஏதோ ஒரு பெங்களூரு வீட்டில் கொட்டின ஒரு கை பவுடர் எங்கள் ஊர் ராகிப் பயிர்மேல் வந்து உட்காருகிறது. இங்கே என் தொட்டியில் நான் கோட்டைவிட்டால் அது பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போகும், அங்கிருந்து கடலுக்கு.

இதெல்லாம் தண்ணீர்க் கதை. கையின் கதையை எனக்குக் காட்டியது கண்ணகி நகரிலிருந்து வேலைக்கு வரும் ஓர் அக்கா. பம்ப் ரூம் பக்கத்து நிழலில்தான் மதியம் சாப்பிட உட்காருவார். ஒருநாள் சாம்பார் சாதத்தை ஸ்பூனால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“என்னக்கா, புதுசா ஸ்பூன்?”

“பிசைஞ்சா எரியுது தம்பி.”

கையை விரித்துக் காட்டினார். விரல் நுனி எல்லாம் வெடித்து, வெடிப்புக்குள் சிவப்பாகத் தெரிந்தது. நகத்தைச் சுற்றித் தோல் தடித்துப் போயிருந்தது. நாலு வீட்டுத் துணி. பவுடர் காரத்தன்மை உள்ளது. அது துணியின் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிற மாதிரியே தோலின் எண்ணெயையும் எடுத்துவிடும். தினமும் நனைந்து காய்ந்தால் தோல் ஆறுவதற்கே நேரம் கிடைக்காது. சிலருக்கு வாசனைப் பொருளே ஒவ்வாமையைக் கொடுக்கும்.

ஒரு பக்கெட்டுக்கு எவ்வளவு போடுவீர்கள் என்று கேட்டேன். மூன்று கை என்றார்.

“நுரை வரலைன்னா, நான் பவுடரை மிச்சம் பிடிக்கிறேன்னு அந்த அம்மா நினைக்கிறாங்க.”

எனக்குச் சுருக்கென்றது. எங்களுக்கு வருவது லாரித் தண்ணீர். அதில் சுண்ணாம்பும் மெக்னீசியமும் அதிகம், நுரை லேசில் வராது. உப்புத் தண்ணீருக்குப் பவுடர் கொஞ்சம் கூடுதலாக வேண்டும் என்பது உண்மைதான். அதற்காக நுரை பொங்கும்வரை கொட்ட வேண்டியதில்லை. அழுக்கு போவதற்கும் நுரைக்கும் சம்பந்தம் குறைவு. ஃப்ரண்ட் லோட் மெஷினுக்கென்று விற்கும் பவுடர் நுரை குறைவாகவே வரும்படி செய்யப்படுகிறது, அதிலும் துணி வெளுக்கிறது. அளவுக்கு மேல் போட்டால் அலசப் பத்தாமல் மிச்சம் துணியிலேயே தங்கும். அதை நாள் முழுக்க உடம்பில் போட்டுக்கொள்கிறோம்.

அடுத்த குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேச அனுமதி கேட்டேன். ஒரு பாட்டிலில் லாரித் தண்ணீர், இன்னொன்றில் கேன் தண்ணீர், இரண்டிலும் ஒரே அளவு சோப்புச் சீவல். குலுக்கிக் காட்டினேன். கேன் தண்ணீரில் கழுத்துவரை நுரை, லாரித் தண்ணீரில் தயிர்த் திரி மாதிரி வெள்ளைக் கசடு. கூடவே திங்கட்கிழமை ஜாடியையும் வைத்தேன். சில துணிப் பவுடர்களில் சேர்க்கும் பாஸ்பேட்டைப் பற்றியும் சொன்னேன். அதை எங்கள் தொட்டி முழுசாகப் பிடிக்காது, பாசிக்கு அது உரம். ஐரோப்பிய ஒன்றியம் 2013இலிருந்து வீட்டுத் துணிப் பவுடரில் பாஸ்பரஸுக்குக் கடுமையான உச்சவரம்பு வைத்திருக்கிறது. நம் கடைகளில் வாங்கும்போது ‘பாஸ்பேட் இல்லாதது’ என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். ஒரு பெரியவர் எழுந்து, “அளவு ஸ்பூனை ஒவ்வொரு வீட்டுக்கும் வாங்கிக் கொடுத்துவிடலாமே” என்றார். சங்கமே வாங்கிக் கொடுத்தது.

இரண்டு பிளாக்கில் நன்றாகவே கேட்டுக்கொண்டார்கள். திங்கட்கிழமை நுரை இப்போது தொட்டிக்குள்ளேயே அடங்குகிறது, ஹோஸ் பைப்பை எடுக்காத வாரங்களும் உண்டு. அக்காவுக்கு மூன்று வீட்டில் ஸ்பூன் கணக்கு வந்துவிட்டது. வலது கை பரவாயில்லை, வெடிப்பு மூடிக்கொண்டு வருகிறது. நாலாவது வீட்டில் மட்டும் இன்னும் நுரை வேண்டுமாம். அங்கே போகும்போது நான் வாங்கிக் கொடுத்த ரப்பர் கையுறையைப் போட்டுக்கொள்கிறார்.